மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வீட்டில் பூஞ்சைக்கு இடம் கொடாதீர்கள்!

ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்திருக்கும். மழைக்காலத்தில் பரணில் கிடந்த தோல் பெட்டியில் பச்சையாய்ப் பூத்திருக்கும். நாலு நாள் மறந்துபோன ரொட்டித் துண்டில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி முளைத்திருக்கும். "ஐயே, பூசணம் பிடிச்சிருச்சே!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கி எறிவோம். கையைக் கழுவுவோம். அதோடு மறந்துவிடுவோம். பூஞ்சைக் காளான் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு அவ்வளவுதான். மிஞ்சிப் போனால் படர்தாமரை, சேற்றுப் புண், கைக்குழந்தையின் நாக்கில் படிகிற வெள்ளை மாவு.

ஆனால் உங்கள் வீட்டிலோ, உறவிலோ, அடுத்த வீட்டிலோ மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் ஒருவர் இருந்தால் இதை அப்படி லேசாக விட முடியாது. நாம் தட்டிவிட்டுப் போகிற அதே பூசணம் அவருடைய நுரையீரலில் போய்க் குடியேறும். மூக்கில் நுழைந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூளைக்கும் ஏறும். அத்தனை பெரிய ஆபரேஷனைத் தாங்கிப் பிழைத்து வந்தவரைச் சில நாட்களில் படுக்கையில் தள்ளிவிடும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை, சகோதரிகளே. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. அப்படிக் கண்டுகொள்ளக் கூடிய முதல் ஆள், வீட்டில் அவரோடு இருக்கிற நீங்கள்தான்.

கொடுப்பவளும் பெண், காப்பவளும் பெண்

உலகில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் வெற்றி பெற்றது 1954 டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில். டாக்டர் ஜோசப் மர்ரே ஒரு சகோதரரின் சிறுநீரகத்தை எடுத்து, அவருடைய இரட்டைப் பிறவிக்குப் பொருத்தினார். அதற்காக 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் உயிரோடிருப்பவரிடமிருந்து சிறுநீரகம் எடுத்துப் பொருத்தி வெற்றி கண்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வருஷம் 1971. அந்தப் பெருமை நம் தமிழ்நாட்டுக்கு உண்டு.

2008-ல் சாலை விபத்தில் மூளைச் சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற மாணவனின் உறுப்புகளை, டாக்டர்களான அவனுடைய பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். அதன் பிறகு இறந்தவர்களின் உறுப்புத் தானம் இங்கே பெரிய இயக்கமாகவே வளர்ந்தது. ஆனாலும் இன்றைக்கும் நம் நாட்டில் அதிகமாக நடப்பது வீட்டு ஆள் வீட்டு ஆளுக்குக் கொடுப்பதுதான். 2019 முதல் 2023 வரை உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பெண்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. தாய் மகனுக்குக் கொடுக்கிறாள். மனைவி புருஷனுக்குக் கொடுக்கிறாள். கொடுத்த பிறகு பத்தியச் சாப்பாடு, மாத்திரைக் கணக்கு, ஆஸ்பத்திரிக்கு அலைச்சல் எல்லாமும் அவள் தலையில்தான். ஆகவே இந்தக் கட்டுரையை அந்தச் சகோதரிகள் அவசியம் படிக்க வேண்டும்.

காவல்காரனைத் தூங்க வைக்கும் மருந்து

நம் உடம்புக்குள் வெள்ளை அணுக்கள் என்ற காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து எது நுழைந்தாலும் "யாரது?" என்று மடக்கி அடிக்கும். அதற்குக் கிருமியும் ஒன்றுதான், அம்மா கொடுத்த சிறுநீரகமும் ஒன்றுதான். இரண்டும் அந்நியம். பாஸ்டனில் அந்தச் சகோதரர்கள் ஒரே கருவிலிருந்து வந்தவர்கள். அதனால் உடம்பு வித்தியாசம் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்கி அழிக்காமல் இருக்க, காவல் படையைக் கொஞ்சம் தூங்க வைக்க வேண்டியிருக்கிறது. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைகோபினோலேட், பிரட்னிசலோன் என்று வாழ்நாள் பூராவும் சாப்பிடுகிற மாத்திரைகள் இதற்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சைக்ளோஸ்போரின் மருந்து கிடைத்ததே நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்துதான். மைகோபினோலேட்டும் பூஞ்சை தந்ததே. சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும் பூஞ்சை கொடுத்த மருந்து. அதனால் அசந்திருக்கும் உடம்புக்குள் நுழையப் பார்ப்பதும் பூஞ்சை!

காவல் குறைந்தால் என்ன ஆகும் என்பது சிவகாசிப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டாசு விபத்தில் உடம்பு வெந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனி வார்டு இருக்கிறது. அங்கே பார்க்க வருகிறவர்களைக் கண்டபடி உள்ளே விடமாட்டார்கள். தோல் என்கிற கோட்டைச் சுவர் இடிந்து போனதால் எந்தக் கிருமியும் சுலபமாக நுழைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குச் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே காவலன் அரைத் தூக்கத்தில் இருக்கிறான். வெளியே பார்த்தால் ஆள் நன்றாக இருப்பதால் நாமும் மறந்துபோகிறோம். ஆபத்து அந்த மறதியில் இருக்கிறது.

எங்கிருந்து வருகிறது?

கிட்டத்தட்ட எல்லாப் பூஞ்சையும் மண்ணிலும் தூசியிலும் மக்கிய பொருளிலும் இருப்பவை. கண்ணுக்குத் தெரியாத விதைத்துகள்களாகக் காற்றில் மிதக்கும். நாம் எல்லோரும் தினமும் இவற்றைச் சுவாசிக்கிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

விருதுநகர் மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஆடி மாசம் கரிசல் காட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் காற்று. விருதுநகரில் பருப்பும் வற்றலும் மல்லியும் மூட்டை மூட்டையாய் அடுக்கிய கிட்டங்கிகள். சிவகாசியில் அச்சாபீஸ்களின் பழைய காகிதக் கட்டுகள், அட்டைக் குவியல்கள். எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேல முள். வீட்டுத் தாழ்வாரத்தில் புறா, கொல்லையில் கோழி, குப்பைக் குழி, மாட்டுச் சாணம். இவையெல்லாம் நம் பிழைப்பு, நம் வாழ்க்கை. இவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவரைக் கொஞ்சம் விலக்கி வைக்கலாம்.

முக்கியமானவை இவை:

கேண்டிடா. வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. நம் வாயிலும் குடலிலும் எப்போதும் இருப்பது. குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படிவது இதுதான். உடம்பு தளர்ந்தவருக்கு உணவுக்குழாய், மூத்திரப் பாதை, சில சமயம் ரத்தத்துக்குள்ளேயே போய்விடும்.

ஆஸ்பர்ஜில்லஸ். தானியத் தூசி, மக்கிய இலை, பழைய சுவரை இடிக்கும்போது பறக்கும் புழுதி ஆகியவற்றில் இருப்பது. நுரையீரலைத் தாக்கும்.

மியூகர். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்று ஊரே நடுங்கியதே, அதுதான். அந்த வருஷம் மே மாதம் தமிழக அரசு, இந்த நோய் கண்டவர்களை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது. ஆனால் சிறுநீரக டாக்டர்களுக்கு இது புதிய நோய் அல்ல. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் இதைப் பார்த்து வந்திருக்கிறார்கள். கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் சேர்ந்தால் இதற்கு ரொம்பக் கொண்டாட்டம்.

கிரிப்டோகாக்கஸ். புறா எச்சத்திலும் மண்ணிலும் இருப்பது. மூளை உறையைத் தாக்கும். பல நாள் விடாத தலைவலியாக ஆரம்பிக்கும்.

நியூமோசிஸ்டிஸ். இதுவும் ஒரு பூஞ்சையே. வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் தரும். இதைத் தடுக்கத்தான் முதல் சில மாதங்களுக்கு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். "ஜுரமே இல்லையே, இது எதுக்கு?" என்று அதை நிறுத்திவிடக் கூடாது.

முள்ளோடு நுழையும் கறுப்பு நிறப் பூஞ்சைகள். இவை மியூகர் அல்ல, வேறு வகை. முள்ளோ சிராயோ குத்திய இடத்தில், சில வாரமோ மாதமோ கழித்து, வலியில்லாத கட்டி கிளம்பும். "முள்ளு ஒடிஞ்சு உள்ள நின்னிருக்கும்" என்று ஊசியால் குத்தி எடுக்கப் பார்ப்போம். மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு அப்படிச் செய்யவே கூடாது. டாக்டர் அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நம் பக்கத்து மண்ணின் பூஞ்சை எவ்வளவு வீரியமுள்ளது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1994-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், கருவிழிப் புண்ணோடு வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். கிருமி இன்னதென்று தெரிந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சைதான். நல்ல உடம்புக்காரர் கண்ணில் பட்டாலே இப்படி என்றால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

எப்போது அதிக ஆபத்து?

ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் ஊசிக் குழாய், மூத்திரக் குழாய் வழியாகக் கேண்டிடா வரலாம். பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே கவனித்துவிடுவார்கள். அடுத்து ஆறாவது மாதம் வரைதான் காவல் மிகவும் தளர்ந்திருக்கும் காலம். ஆஸ்பர்ஜில்லஸ், நியூமோசிஸ்டிஸ், மியூகர் எல்லாம் எட்டிப் பார்ப்பது இப்போதுதான். ஆறு மாதம் கழிந்தால் மருந்தின் அளவு குறையும், ஆபத்தும் குறையும். ஆனால் அடியோடு போய்விடுவதில்லை. கிரிப்டோகாக்கஸ், முள் குத்திய கட்டி போன்றவை வருஷக்கணக்கில் கழித்தும் வரலாம்.

இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உடம்பு சிறுநீரகத்தை எதிர்க்கிறது என்று சொல்லி டாக்டர்கள் பலமான ஊசி போட்டிருந்தால், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஐந்து வருஷம் ஆனவரைக்கூட அப்போது புதிதாக ஆபரேஷன் ஆனவர் போலப் பாதுகாக்க வேண்டும்.

உங்கள் கண்ணில் பட வேண்டிய அறிகுறிகள்

பிரட்னிசலோன் சாப்பிடுகிறவருக்குக் கடுமையான நோயிலும் ஜுரம் லேசாகத்தான் காட்டும். சில சமயம் காட்டவே காட்டாது. ஆகவே "உடம்பு சுடலையே" என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். கீழே சொல்வதில் எந்த ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே சிறுநீரக டாக்டருக்குத் தகவல் போக வேண்டும்:

1. தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ ஜுரம். அல்லது காரணம் தெரியாத குளிர் நடுக்கம்.

2. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, கறுப்பாகவோ ரத்தம் கலந்தோ சளி, ஒரு பக்கக் கன்னத்தில் வலி, வீக்கம், மரத்துப் போதல். மேல் அண்ணத்தில் கறுப்புத் திட்டு. காரணமில்லாமல் பல் ஆடுதல்.

3. கண் வீக்கம், கண் பிதுங்கல், ஒன்று இரண்டாகத் தெரிதல், பார்வை மங்கல்.

4. வாயில் வெள்ளைப் படிவு, சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சில் வலி.

5. விடாத இருமல், சளியில் ரத்தம், மாடிப்படி ஏறினால் முன்னைவிட அதிகமாக மூச்சு வாங்குதல்.

6. நாலைந்து நாளாக விடாத தலைவலி, வாந்தி, கழுத்துப் பிடிப்பு, பேச்சில் தடுமாற்றம், என்றைக்கும் இல்லாத மந்தம்.

7. தோலில் புதிய கட்டி, ஆறாத புண், கறுத்துப்போகும் காயம்.

8. மூத்திரம் போகும்போது எரிச்சல், மூத்திரம் குறைதல்.

இரண்டாவதும் மூன்றாவதும் மியூகரின் அடையாளங்கள். இவற்றுக்கு "காலைல பாப்போம்" என்பதே கூடாது. ராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும். ஒரு நாள் தாமதம் ஒரு கண்ணை விலையாகக் கேட்கும், உயிரையே கேட்கவும் கூடும். விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். எங்கே போனாலும் வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை, "இவர் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்" என்பது. அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சளி, சாதாரணத் தலைவலி என்று மருந்து எழுதிக் கொடுத்துவிடக் கூடும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள்

நம் ஊர்களில் படர்தாமரை வராத வீடு குறைவு. உடனே பக்கத்து வீட்டு மதினி சொல்வாள்: "அட, இதுக்கா ஆஸ்பத்திரிக்குப் போறீங்க? வாரம் ஒரு மாத்திரை, நாலே வாரம். எங்க வீட்ல அதுலதான் கேட்டுச்சு." அவள் சொல்வது நல்ல எண்ணத்தில்தான். அவள் வீட்டுக்காரருக்கு அது சரியாகவும் இருந்திருக்கும்.

மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு அது விஷமாகலாம். புளுகோனசோல், இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகள், டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் ஈரல் கரைக்கும் வேலையைத் தடுத்துவிடும். சாப்பிட்ட மருந்து கரையாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். கை நடுங்கும், தலை வலிக்கும், காப்பாற்ற வேண்டிய சிறுநீரகமே கெடும். அதோடு முடியவில்லை. பூஞ்சை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு சடாரென்று இறங்கும். அப்போது உடம்பு சிறுநீரகத்தை எதிர்க்க ஆரம்பிக்கும். டாக்டர் இதே மாத்திரையைக் கொடுக்கும்போது, மற்ற மருந்தைக் குறைத்து, ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார். பம்பளிமாஸ் பழத்தை வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

கடையில் விற்கும் படர்தாமரை களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு உடனே அடங்கும். அடியில் பூஞ்சை பரவும். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்றும் உண்டு. "இந்த மாத்திரைகளால்தானே பூஞ்சை வருது? நிறுத்திட்டா சரியாப் போயிரும்" என்று சிறுநீரக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது. சிறுநீரகமே போய்விடும். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

சும்மா ரத்தப் பரிசோதனையில் மட்டும் இது பிடிபடாது. மூக்கிலிருந்தோ கட்டியிலிருந்தோ துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். தலைவலியென்றால் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிரும்" என்று உறவினர் தடுப்பதை எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம். தயவுசெய்து தடுக்காதீர்கள். நோய் தெரிந்தால்தானே மருந்து?

பூஞ்சைக்கு ஏற்ற மருந்து கொடுப்பார்கள். மியூகர் என்றால் ஆம்போடெரிசின் ஊசியோடு, அழுகிய சதையை ஆபரேஷன் செய்து அகற்றவும் வேண்டும். இந்த ஊசியின் பழைய வகை சிறுநீரகத்தைப் பாதிக்கும். புதிய வகை பாதிப்பு குறைந்தது, விலை அதிகம். 2021-ல் தட்டுப்பாடு வந்து ஊர் ஊராக அலைந்தார்களே, அது இந்தப் புதிய வகை ஊசிக்காகத்தான். சில சமயம் உயிரைக் காப்பாற்ற, சிறுநீரக மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அதில் மாற்றுச் சிறுநீரகமே போனாலும் போகட்டும் என்று முடிவெடுக்கும் கட்டமும் வரலாம். கொடுத்த தாய்க்கு, கொடுத்த மனைவிக்கு அது எப்படிப்பட்ட வேதனை! ஆனால் மறுபடி டயாலிசிஸ் செய்துகொண்டு வாழலாம். போன உயிர் வராது.

இரண்டு பெண்கள் கொடுத்த மருந்து

பூஞ்சையை அடக்கும் மருந்துகளின் கதையில் இரண்டு பெண்களுக்குப் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன் கிருமி ஆராய்ச்சி செய்பவர், ரேச்சல் பிரௌன் ரசாயன நிபுணர். ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். மண்ணிலிருந்து எடுத்த கிருமிகளின் சத்தை ஜாடியில் அடைத்துத் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே ஆராய்ந்தார்கள்! வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணையின் மண்ணில் அவர்கள் தேடியது கிடைத்தது. 1950-ல் உலகுக்கு அறிவித்த அந்த மருந்துதான் நிஸ்டாடின். மனிதர்களுக்குப் பாதுகாப்பாகப் பயன்பட்ட முதல் பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் ஒன்று. வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். உரிமைத் தொகையாக வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலரில் ஒரு காசுகூடத் தங்களுக்கு வைத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். வாயில் கேண்டிடா வந்தால் இன்றும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற சொட்டு மருந்துகளில் அது ஒன்று.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை

சமையலறையில்: அன்றன்று சமைத்துச் சூடாகப் பரிமாறுங்கள். பூசணம் பட்ட ரொட்டி, ஊறுகாய், நிலக்கடலை, தேங்காய் எதுவானாலும் பட்ட இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மிச்சத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். பால் நன்றாகக் காய்ச்சியதாக இருக்கட்டும். சாத்தூர் வெள்ளரிக்காய் ஆசையென்றால் நன்றாகக் கழுவித் தோல் சீவி வீட்டிலேயே கொடுங்கள். தெருவில் வெட்டி வைத்தது வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா புதிதாக இருந்தால், சர்க்கரை இல்லையென்றால், ஒரு துண்டு. நாலு நாள் ஆனது வேண்டாம். வற்றல் புடைப்பது, மல்லி காயப்போடுவது, மாவு சலிப்பது எல்லாம் அவர் இல்லாத இடத்தில் நடக்கட்டும்.

வீட்டைச் சுற்றி: பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, சுவரை இடித்துக் கட்டுவது என்றால் அவரை இரண்டு நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுவரில் ஈரம் கசிந்தால் உடனே சரி செய்யுங்கள். தாழ்வாரத்தில் புறா கூடு கட்ட விடாதீர்கள். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்து, வேறு ஆள் சுத்தம் செய்யட்டும். செடிக்கு மண் கிளறுவதும், சாணம் அள்ளுவதும், கருவேல விறகு உடைப்பதும் அவர் வேலை அல்ல. வாசலுக்குப் போனாலும் காலில் செருப்பு. முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

நோட்டுப் புத்தகத்தில்: தினமும் உடல் வெப்பம், எடை, ரத்த அழுத்தம் எழுதுங்கள். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. "இவருக்கு எப்பவும் சுகரே கிடையாதே" என்பவர்களுக்கும் இந்த மாத்திரைகளால் புதிதாகச் சர்க்கரை வரும். சர்க்கரை ஏறினால் பூஞ்சைக்கு விருந்து. டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் பரிசோதனை செய்யுங்கள். வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள். இதற்கு அரை நிமிஷம் போதும்.

சில கேள்விகள்

*"குழந்தைகளுக்கு ஒட்டிக்குமா? அப்பா மடியில உட்காரலாமா?"*

தாராளமாக உட்காரலாம். மியூகர், ஆஸ்பர்ஜில்லஸ், கிரிப்டோகாக்கஸ் போன்றவை மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறவை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் அருகில் படுப்பதாலும் பரவாது. படர்தாமரை மட்டும் ஒட்டும். அதனால் குழந்தைக்குப் படர்தாமரையோ சளியோ இருந்தால் அவரைத்தான் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். துண்டு, சோப்பு, சீப்பு தனியாக இருக்கட்டும்.

*"வேலைக்குப் போகாம எப்படிங்க குடும்பம் நடக்கும்?"*

போகலாம். பெரும்பாலோர் சில மாதங்களில் வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் கிட்டங்கியில் மூட்டை இறக்குவது, பழைய காகிதக் கட்டு பிரிப்பது, கட்டட வேலை, மருந்துத் தூசி பறக்கும் பட்டாசு அறை இவை வேண்டாம். அதே முதலாளியிடம் கணக்கு எழுதுவது, கடையில் உட்காருவது போல மாற்று வேலை கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போனால் கேட்பதற்குச் சங்கடம் இருக்காது.

*"இருக்கன்குடி கோயிலுக்கு நேர்ந்திருக்கோம். கூட்டிட்டுப் போகலாமா?"*

முதல் ஆறு மாதம் அம்மன் மன்னிப்பாள். அப்புறம் டாக்டர் சம்மதித்தால், கூட்டமும் புழுதியும் இல்லாத சாதாரண நாளாகப் பார்த்து, நல்ல முகக்கவசம் போட்டுக் கூட்டிப் போங்கள். தீபாவளி ராத்திரிப் புகையில் அவர் வெளியே நிற்க வேண்டாம். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கட்டும்.

*"செலவை நினைச்சா மலைப்பா இருக்கே?"*

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று ஆபரேஷன் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் அதற்கென்று இருக்கும் அலுவலரிடம், ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிகிச்சைக்கு என்னென்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். "காசில்லையே" என்று மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கையில் இல்லையென்றால் அதை டாக்டரிடமே வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்களுக்கும்

சிறுநீரகம் கொடுத்தவர் நீங்களே என்றால், உங்கள் உடம்பையும் பாருங்கள். உங்களுக்கு இந்த மாத்திரைகள் கிடையாது. பூஞ்சை பயமும் மற்றவர்களைப் போலத்தான். ஆனால் ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தமும் மூத்திரமும் ரத்தமும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் சிறுநீரக டாக்டரின் போன் நம்பர், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, ஆபரேஷன் நடந்த தேதி நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி, காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே மாட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்குக் கண் வீங்கினால், தேடிக்கொண்டு நிற்காமல் அந்தத் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் கிளம்பலாம். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் உங்கள் பிள்ளைகளும் அதைச் செய்யலாம்.